உழைக்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளுக்கும் ஊரவருக்கும்,

சிறுநீரகம் பழுதாகி எனக்கு என்ன நடந்தது, எப்படித் தப்பி வந்தேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் அரைவாசிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள். அதனால் அந்தக் கதை வேண்டாம். இந்தக் கிழமை, நான் சேட்டுத் தைக்கிற கடையின் கூலிக் கொப்பியில் மறுபடியும் என் பெயருக்கு நேரே ஒரு மரியாதையான தொகை எழுதியிருக்கிறார்கள். அந்தச் சந்தோசம் ஆறுமுன் நன்றி சொல்லிவிட வேண்டும்.

யாழ் போதனா வைத்தியசாலையில் டயாலிசிஸுக்கு, அதாவது மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வதற்கு, ஒரு சதமும் வாங்குவதில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். ஆனால் போகிற நாள் எங்கள் உழைப்பு நாள். மெசினில் நாலு மணித்தியாலம். அதற்கு முன்னால் சாவகச்சேரியிலிருந்து பஸ், பிறகு காத்திருப்பு. ஊசி கழற்றிய இடத்தை இரத்தம் நிற்குமட்டும் அமத்திப் பிடித்திருந்து எழும்பினால், பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அடுத்த நாளும் மத்தியானம் வரை உடம்பு சொல்வழி கேளாது. இப்படிக் கிழமைக்கு இரண்டு, மூன்று முறை. துணைக்கு வருவதால் மனுசியின் மில் வேலையும் நின்றது. உண்மையில் வருமானம் இறங்கத் தொடங்கியது டயாலிசிஸுக்கு மெத்த முன்னமே. இரத்தம் குறைந்து, கால் வீங்கி, நாளுக்கு நாள் தைக்கிற சேட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. அரசாங்க உத்தியோகம் என்றால் லீவு இருக்கும். எங்களுக்குத் தைத்தால்தான் காசு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆள். கடையில் எனக்குப் பக்கத்து மெசினில் தைக்கிற தம்பி. பெயர் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டதால் போடவில்லை.

நான் திரும்பக் கடைக்குப் போன நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். என் மெசினடியில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. கொலர்களுக்குக் கான்வஸ் வைத்து மினுக்கி, வெட்டிய துணியை அளவு வாரியாகக் குத்திக் கட்டி, அந்தந்தத் துணிக்குச் சரியான நூலைப் பொபின்களில் சுற்றி, ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடியில் வரிசையாக வைத்திருந்தது. முதலாளி யாரையோ கொண்டு செய்வித்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் அவருக்குத் தெரியாது.

தையல் வேலை செய்கிறவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். இந்த ஆயத்த வேலைக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. தைத்து முடிந்த சேட்டுக்குத்தான் கூலி. சுகமான ஒருவனுக்கு அது பெரிய விசயமில்லை. கிழமையில் மிஞ்சுகிற கொஞ்ச மணித்தியாலத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் சாப்பிட வேண்டியவனுக்கு, அதில் பாதி நூல் சுற்றப் போனால் என்ன மிஞ்சும்? அந்தப் பாதியை எனக்குத் தந்தது இந்தத் தம்பிதான். கடை பூட்டுகிற நேரத்துக்குப் பிறகு நின்று செய்திருக்கிறார். அவரும் என்னைப்போல் துண்டுக் கணக்கில் தைக்கிறவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். நான் பிடித்துக் கேட்டபோது தலை நிமிராமல் சொன்னார்: "அண்ணை, நீங்கள் தையுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையால் பாரம் தூக்கக் கூடாது. துணிக் கட்டை நான் தொடப் போகுமுன் அவர் எழும்பி வந்து தூக்கி வைத்துவிடுவார். பாடசாலைச் சீருடைக் காலத்தில், தன் வேலை மலைபோல் குவிந்து கிடந்தபோதும் அந்த மூடியில் பொபின்கள் குறையவில்லை.

காசு தந்தவர்களை நான் மறக்கவில்லை. வெளியில் செய்த இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அந்தக் காசுதான் போனது. டயாலிசிஸ் பிரிவின் வைத்தியர்கள், என் வேலையை யோசித்து டயாலிசிஸ் நேரத்தை மாற்றித் தந்த தாதி மிஸ்மார், பெற்றோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்த ஓட்டோக்காரத் தம்பி, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுக்குப் படிவம் நிரப்பிக் கூடவே அலைந்த கிராம அலுவலர் விதானையார், நோய்க்கேற்ற சமையலை மனுசிக்குச் சொல்லித் தந்த பக்கத்து வீட்டு அக்கா, கோயிலடிப் பெடியங்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். அந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாயாக இருந்து 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் ஒரு குடும்பம் அதில் மாதம் முழுக்கச் சீவிக்க ஏலாது.

நோயாளி என்றால் வீட்டில் இருக்கட்டும், பார்த்துக்கொள்ளுவம் என்று அன்பாகத்தான் சொல்வீர்கள். என் உழைப்பில் அரிசி வாங்கிய அன்று நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஏலுமான அளவு வேலையைச் செய்ய விடுவது பெரிய உதவி.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு மேசன் தம்பி வருகிறார். ஃபிஸ்டுலாக் கையோடு சீமெந்து தூக்க முடியாது, அதனால் அவருடைய தொழில் அப்படியே நின்றுவிட்டது. அவருக்குக் காற்சட்டை மடிப்புத் தைக்கவும் பொத்தான் வைக்கவும் பழக்கப் போகிறேன், முதலாளியிடமும் கேட்டுவிட்டேன். அவரைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள். இருந்த இடத்தில், ஏலுமான நேரத்தில் செய்யக்கூடிய வேலை யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கடைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பின்னேரம் அங்கேதான் இருப்பேன்.