அறிமுகக் கட்டுரைகளில் தொழிலும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலை, பொழுதுபோக்குத் துறைகளில் இயங்கும் சிங்கப்பூர்த் தமிழர்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவள் நான்; ஆயினும் இளமை வறுமை, பெற்றோர் எதிர்ப்பு, பிறகு வெற்றி என்று அவை ஒரே தடத்தில் செல்வதால், அந்த மனிதர் தம் தொழிலை எப்படிச் செய்கிறார் என்பது கடைசிவரை தெரிவதில்லை.

நம் இயக்குநர் கே. ராஜகோபாலின் முதல் முழுநீளப் படம் 2016இல் கான் திரைப்பட விழாவின் ‘விமர்சகர் வாரம்’ என்னும் பிரிவில் இடம்பெற்றதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கான பணம் எப்படித் திரண்டது, படப்பிடிப்புக்கு இடம் எவ்வாறு கிடைத்தது, படத்தொகுப்பில் எவற்றை வெட்ட மனம் வரவில்லை என்று கேட்டு எழுதினால், படமெடுக்க எண்ணும் இளையருக்கு அது பாடமாகவே அமையும்.

மேடைக்குப் பின்னால் ஒளியமைப்பவர், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர் ஆகியோரும் பேட்டிக்கு உரியவர்களே. கடை வாடகையும் ஊழியர் சம்பளமும் போக மாத இறுதியில் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தொழில்முனைவரிடம் கேட்பது நாகரிகக் குறைவன்று. அவர்களும் அதைப் பேசத் தயங்குவதில்லை என்றே நினைக்கிறேன்.

சென்னை மாகாணத்தில் பிறந்து, சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் பணியாற்றி, 1950இல் மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணனைப் போன்ற முன்னோடிகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்