காட்பாடியிலிருந்து தூத்துக்குடிக்கு

காட்பாடி,
ஆடி 18

அன்புள்ள தூத்துக்குடிக்காரனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, குனியாதே, வெயிலில் போகாதே என்று வீட்டில் ஒரே கெடுபிடி. இப்போது பார்வை தெளிவு. மஞ்சள் என்று பல வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளையாம். பெயின்ட்காரனிடம் போட்ட சண்டையெல்லாம் வீண்.

"பாலாற்றங்கரையில் உட்கார்ந்து படகு வரைகிறீர்களாமே, மணலில் ஓட்டவா?" என்று கேட்டிருந்தாய். நீ கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆறு உண்டு நீரில்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று எங்கள் ஊரைப் பற்றி ஊரே சொல்லும். அதில் சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரராகத் திரும்பி வந்துவிட்டார். நீர் 2021 நவம்பரில் வந்தது, கரை தளும்ப. நாங்களும் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்த்தோம். இன்று ஆடிப்பெருக்கு, காலையில் பாலத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்த பிள்ளை. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். கடல் உள்ள ஊர்க்காரன் நீ, படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாய்.

தொழில் கதையைக் கேட்டாய். படகுக்கு வரைபடம் போட்டு, கட்டுகிறவர்களுக்கு விற்கிறோம். மூத்தவள் கொச்சியில் கப்பல் தொழில்நுட்பம் படித்து, கோவாவில் ஒரு கட்டுமிடத்தில் சில வருஷம் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். பேத்தி பிறந்த பிறகு மாப்பிள்ளையோடு இங்கேயே வந்துவிட்டாள். மாடி அறைதான் அலுவலகம். படகின் வடிவம், எடை, கவிழாமல் நிற்குமா என்ற கணக்கு எல்லாம் அவள் பொறுப்பு. பலகை வெட்டும் மெஷினுக்குக் கொடுக்க வேண்டிய ஃபைல்கள் மாப்பிள்ளை. பணம், பார்சல், பாக்கி வசூல் என் வீட்டுக்காரி. வரைபடத்தோடு போகும் செய்முறைப் புத்தகத்தை எழுதுவது நான். ராணிப்பேட்டையில் முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் குழாய்களை வரைந்தவனுக்கு இது மறுபிறவி மாதிரி இருக்கிறது. அங்கே நான் வரைந்த தாள், நகலெடுத்த அம்மோனியா வாசனையோடு பட்டறைக்குள் போகும், அதோடு சரி. யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இங்கே ராத்திரி பத்து மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர், கையில் பிளைவுட்டைப் பிடித்துக்கொண்டு போன் செய்கிறார்.

வாங்குகிறவர்கள் இரண்டு ஜாதி. படகு கட்டுவதே தொழிலாக இருப்பவர்கள் ஒன்று. புதுச்சேரிப் பக்கம் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எட்டுத் தாள் போதும். வெட்டும் ஃபைல், எடை, மோட்டார் எவ்வளவு தாங்கும், முடிந்தது. "பெரியவரே, ரொம்ப எழுதறீங்க" என்று என்னிடமே சொன்னார். அவர் ஒரு படகு கட்டினால் ஒரு படகுக்கான தொகை தருவார். ஒரு வரைபடம் வாங்கி ஊருக்கே கட்டுகிற கதை இந்தத் தொழிலில் கிடையாது, ஒரு தாள் ஒரு படகுக்குத்தான். இன்னொரு ஜாதி, வங்கி ரிடையர்டு, பள்ளிக்கூட வாத்தியார், பல் டாக்டர். உளியைப் பிடித்தே பழக்கமில்லாதவர்கள். எனக்குப் பிடித்தது இவர்களைத்தான். இவர்களுக்குப் போகும் புத்தகம் எழுபது பக்கம். "முதல் தையலை நடுவில் போடவும், நுனியில் தொடங்க வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

தையல் என்றதும் சிரிக்காதே, நிஜமாகவே தையல்தான். ஏராவும் (அடிக்கட்டை) வங்கும் (விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டை) வைத்துக் கட்டுகிற உங்கள் ஊர் முறை இல்லை இது. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டைத் தட்டையாக வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செப்புக் கம்பியால் இழுத்துக் கட்டினால் தானே படகாக எழும்பி நிற்கும். உள்மூலையில் எபாக்ஸிப் பசையை மர மாவு கலந்து குழைத்துப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, காய்ந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டிவிடலாம். 1960-களில் இங்கிலாந்தில் 'மிரர்' என்ற சின்னப் படகு இப்படித்தான் வந்தது. டெய்லி மிரர் பத்திரிகை பின்னால் நின்றது, பெயரும் அதிலிருந்துதான். பத்தே முக்கால் அடிக்குச் சற்று மேல், சிவப்புப் பாய். எழுபதாயிரத்துக்கு மேல் உண்டானது, அதில் பெரும்பகுதி வீட்டு ஷெட்டுகளில் கட்டியது.

இந்த விஷயம் எங்களுக்கெல்லாம் புரிய நாளானது. கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டவர் ஆம்பூர் சம்பந்திதான். அவர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர். "இதுல இன்னா கீது? லாஸ்ட் (கால் வடிவ அச்சு) மேல டேப்பை ஒட்டிக் கத்தியால கீறி எடுத்து, தரையில படுக்கவெச்சா அப்பர் (ஷூவின் மேல்தோல்) வந்துடும், உங்க படகு பெரிய ஷூ" என்றார். ஒரே ஒரு வித்தியாசம். தோலைக் கொஞ்சம் இழுத்து வளைக்கலாம், பிளைவுட் இழுபடாது. தாளைச் சுருட்டுகிற மாதிரி ஒரு பக்கமாகத்தான் வளையும், கிண்ணம் போல் குழியாது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு அணியம் (படகின் முன்முனை) அழகாக எழும்பும்படி வடிவம் கொடுப்பதில்தான் மூத்தவளின் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டு நாள் ஒரு வளைவையே முறைத்துக்கொண்டிருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது.

சொதப்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன், நீ வேறு யார் வாயாலோ கேட்பதற்கு முன்னால். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆலப்புழைப் பக்கம் ஒரு ரிடையர்டு வாத்தியார் பதினான்கு அடிப் படகுக்கு வரைபடம் வாங்கினார். நிஜ அளவிலேயே அச்சடித்த தாள்களும் வேண்டும் என்றார், பலகையின் மேல் வைத்து அப்படியே பதிவு எடுக்க. அக்னி நட்சத்திரத்தில் இங்கே அச்சடித்தோம். வேலூர் வெயிலில் அந்தத் தாள் சுட்ட அப்பளம் போல் மொறமொறவென்று இருந்தது. அவர் அதைப் பிரித்தது மிதுன மாத (நம் ஆனி) மழையில். தரையில் விரித்து இரண்டு வாரம் வைத்திருக்கிறார். தாள் ஈரம் குடித்து அகலவாக்கில் நீண்டுவிட்டது. குறுக்குப் பலகைகளை அந்தத் தாளை வைத்து வெட்டினார். பக்கப் பலகைகளை அட்டவணையில் இருந்த மில்லிமீட்டர் கணக்குப்படி தானே அளந்து வெட்டினார். சேர்த்து வைத்தால் குறுக்குப் பலகை ஐந்து மில்லிமீட்டர் அதிகம், பக்கம் மூடவில்லை. ராத்திரி போன். பாவம், தப்பு தன்னுடையது என்று நினைத்து மன்னிப்பு வேறு கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு குழாய்கூடச் சேராமல் போனதில்லை. மூத்தவள் மெதுவாகக் கேட்டாள், "அப்பா, தாளில் ஆயிரம் மில்லிமீட்டர்னு ஒரு அளவுக்கோடு போட்டிருக்கீங்களா, அவரை அளந்து பார்க்கச் சொல்ல?" போடவில்லை. '1:1' என்று கொட்டை எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். நல்லவேளை, அதிகமாக இருந்ததால் இரண்டு பக்கமும் இரண்டரை இழைத்துத் தள்ளிச் சரிசெய்துவிட்டார். குறைவாக இருந்திருந்தால் புதுப் பலகைக்குக் காசு கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு தாளிலும் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, இரண்டு அளவுக்கோடு. பக்கத்திலேயே "இதை அளந்து பார்த்த பிறகு ரம்பத்தைத் தொடவும்." காகிதத்தையும் விட்டு, ஈரத்துக்கு அசையாத பிளாஸ்டிக் படலத்துக்கு மாறிவிட்டோம். செலவு ஜாஸ்தி என்று வீட்டுக்காரி இன்னும் முணுமுணுக்கிறாள்.

நாங்கள் விற்கிற ஒவ்வொரு அளவிலும் ஒன்றையாவது நாங்களே கட்டிப் பார்க்கிறோம். முதல் படகை மொட்டை மாடியில் சித்திரையில் தொடங்கினோம், புத்தியில்லாமல். எபாக்ஸியை ஒரு கோப்பையில் கலக்கினால் பத்து நிமிஷத்தில் புகைந்து கோப்பையே உருகியது. மொத்தமாகக் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடுமாம். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும், அதுவும் விடியற்காலையில். புத்தகத்தில் நான்காம் பக்கத்தில் இதைச் சிவப்பில் போட்டிருக்கிறேன். கட்டி முடித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஊர் ஏரிக்குக் கொண்டுபோனபோது, கரையில் மாடு மேய்த்தவர் கேட்டார்: "இன்னா சார், கல்யாண மண்டபத்துக்கு ரசத் தொட்டியா?" மிதந்தது. நீரின் மேல் எழும்பிச் சறுக்காமல், நீரைத் தள்ளிக்கொண்டு போகிற பதினாறு அடிப் படகு என்னதான் காற்றடித்தாலும் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில்தான் போகும். தான் எழுப்பிய அலைக்குள்ளேயே அது மாட்டிக்கொள்ளும். நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் வேகம். நாம் பாலிடெக்னிக்குக்கு மிதித்த சைக்கிளைவிட மெதுவு. அதற்கே பேத்தி போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும் நீ.

"எங்கள் ஊர்ப் படகுத் தச்சர்களான ஓடாவிகள் தாளே இல்லாமல் மாலத்தீவு போகிற தோணியைக் கட்டினார்கள், தாள் எதற்கு?" என்று கேட்டிருந்தாயே, அதை நானும் பல நாள் யோசித்தேன். ஓடாவிக்கு அப்பன் கையும் பாட்டன் கையும் கூடவே இருக்கின்றன. ஆலப்புழை வாத்தியாருக்கு அது இல்லை. அவருக்கு என் எழுபது பக்கம்தான் அப்பன், பாட்டன் எல்லாம். இரண்டும் கூடி வந்த கதையும் உண்டு. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி பம்பாயில் இருந்தபோது, நண்பர்களோடு சேர்ந்து படகு கட்ட ஆசைப்பட்டு இங்கிலாந்துக்கு எழுதி வரைபடம் வரவழைத்தார். கேட்டது ஒன்று, வந்தது வேறு. வந்தது வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் 1920-களில் வரைந்த 'எரிக்'. (அவர் மகன் ஜானும் படகு வரைபவர்தான்; அவர்களுடையதும் குடும்பத் தொழில்.) போகட்டும் என்று அதையே கட்டச் சொன்னார். பம்பாய்த் தச்சர்கள் தேக்கு மரத்தில், மரம் செதுக்கும் வாய்ச்சியாலும் கயிறு சுற்றி இழுக்கும் துளைக்கருவியாலும் செய்து கொடுத்தார்கள். அந்த 'சுஹைலி'தான் 1968 ஜூனில் புறப்பட்டு, 312 நாள் எங்கும் நிற்காமல், தனி ஆளோடு உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தது. அப்படிச் சுற்றிய முதல் படகு அது. தப்பாக வந்த பார்சல்! நம் தபால்காரரைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

கண்ணில் கட்டுப் போட்டிருந்த நாட்களில் மூத்தவள் இன்னொன்று சொன்னாள். அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்று அண்ணன் தம்பி, 1878-ல் படகுக் கம்பெனி தொடங்கியவர்கள். அண்ணன் ஜானுக்குச் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. தம்பி நத்தானியல் படகின் பாதி உருவத்தை மரத்தில் செதுக்கிக் கொடுப்பார். அண்ணன் கையால் தடவிப் பார்த்தே குறை சொல்லுவார். அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1893 முதல் 1920 வரை கோப்பையைக் காத்த படகெல்லாம் அவர்கள் கம்பெனியில் கட்டியவை. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. புதுப் பதினெட்டு அடிப் படகின் பாதி உருவத்தை மாப்பிள்ளையிடம் செதுக்கச் சொல்லி என் மடியில் வைத்துவிட்டாள். நானும் கண்ணை மூடித் தடவினேன். அமரத்துக்கு (படகின் பின்முனை) ஒரு சாண் முன்னால் விரல் லேசாகத் தடுக்கியது. சொன்னேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். மேடு இருந்தது, உருவத்தில் அரை மில்லிமீட்டர்கூட இராது. அன்றைக்கு எனக்கு மட்டும் தனியாக முள்ளுக் கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பு வைத்தாள்.

இப்போது உனக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் தோணி கட்டிய பழைய ஓடாவி யாராவது இருந்தால் போய்ப் பார். தாளில்லாமல் நடு வங்கை எதை வைத்து வளைக்கிறார்கள், அதிலிருந்து அணியத்துக்கும் அமரத்துக்கும் மற்ற வங்குகளை எப்படிக் குறைத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள். கயிறா, குச்சியா, பலகையில் கீறிய அடையாளமா? அவர் சொன்னால் எழுது, காட்டினால் படம் எடு. மூத்தவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஆலப்புழை வாத்தியார் போன வாரம் வீடியோ அனுப்பினார். படகு மிதக்கிறது. அமரம் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதே, கணக்கில் பிழையா என்று கேட்டிருந்தார். மூத்தவள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பின் பலகையில் அவருடைய இரண்டு மச்சான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் கூடை நிறையக் கப்பைக் கிழங்கு.

புரட்டாசியில் வருவதாக எழுதியிருந்தாய். வா. மக்ரூன் கொண்டுவந்தால் வீட்டுக்காரியிடம் கொடுக்காதே, நேராக மாடிக்கு வந்துவிடு.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்