கடல் ஊர்வனவின் கழுத்து: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் அண்மையில் வெளியான ‘கடல் டைனோசர்’ என்னும் வண்ணப்படத்தையும் அதன் கீழிருந்த குறிப்பையும் பற்றிச் சில திருத்தங்களைத் தெரிவிக்க விரும்புகிறேன். அந்தப் படம் கத்தரிக்கப்பட்டு இங்குள்ள பாடசாலையொன்றின் விஞ்ஞான அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்ட பின்னர் எழுதாமலிருக்க மனம் வரவில்லை.

படத்திலுள்ள பிளீசியோசர் டைனோசர் அன்று. டைனோசர்கள் நிலத்தில் உலவிய காலத்தில் கடலில் வாழ்ந்து, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அவற்றோடு சேர்ந்து அழிந்துபோன வேறோர் ஊர்வனக் கிளையைச் சேர்ந்தது. இந்தப் பிழை எங்கும் காணப்படுவதுதான், போகட்டும். என்னை உறுத்துவது கழுத்து. ஓவியர் அதை அன்னத்தின் கழுத்தைப் போல வளைத்து, அலைக்கு மேல் ஓராள் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

அந்தக் கழுத்து அறிஞர்களையே தடுமாற வைத்ததுண்டு. 1823 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி அனிங் என்னும் பெண் பிளீசியோசரின் முழு எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தபோது, பிரான்சின் பேரறிஞர் குவியே, ஒரு விலங்குக்கு இத்தனை கழுத்தென்புகள் இருக்க முடியுமா என்று ஐயுற்றார். மனிதருக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தென்புகள் 7 மட்டுமே. அமெரிக்காவின் கான்சாசில் கிடைத்த எலாஸ்மோசர் என்னும் பிளீசியோசர் வகைக்கோ 72. அதனை 1868 இல் விபரித்த எட்வர்ட் கோப், கழுத்தை வாலென எண்ணித் தலையை மறுமுனையில் பொருத்திவிட்டார்.

என்புகள் இத்தனை இருப்பதால் கழுத்து பாம்பைப் போல எப்படியும் வளையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவற்றின் முகங்கள் ஏறக்குறைய தட்டையானவை. ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தியிருந்தமையால் அடுத்தடுத்த இரு என்புகளுக்கிடையே அசைவு மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். அத்துடன், கழுத்து முழுவதையும் நீருக்கு வெளியே தூக்க முயன்றால், ஊன்றிக்கொள்ளத் தரையில்லாத அந்த உடல் முன்புறமாகக் கவிழ்ந்திருக்கும். மூச்செடுக்க மூக்குத்துளை வெளியே தெரிந்தாலே போதும். திருகோணமலையில் கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமிமலைப் பாறையின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பவர்களுக்குக் கடலாமைகள் அப்படித் தலையை மட்டும் காட்டிவிட்டு அமிழ்வது புதிதன்று. ஓவியர் கைக்கொண்ட தோற்றம் பலருக்கும் ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட விலங்கினது என 1934 இல் வெளியான புகைப்படத்தால் பழகிப்போனது; அது பொம்மை நீர்மூழ்கியொன்றில் செயற்கைத் தலையைப் பொருத்தி எடுக்கப்பட்ட போலிப்படம் என்பது 1994 இல் அம்பலமாயிற்று.

குறிப்பில், இவை கரையேறி மணலில் முட்டையிட்டதாகவும் எழுதப்பட்டுள்ளது. அது ஆமையின் வழக்கம். கான்சாசில் கிடைத்த, கழுத்துக் குறுகிய பிளீசியோசர் ஒன்றின் வயிற்றுக்குள் பெரிய கரு ஒன்று இருந்ததை 2011 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே இவ்வினம் கடலிலேயே குட்டி ஈன்றது என்று கொள்வதே பொருத்தம்.

நம் பக்கத்துப் பாறைகளில் இவற்றின் எலும்புகள் கிடைக்குமா என்று மாணவர் கேட்பதுண்டு. திருகோணமலைப் பாறைகள் இவ்விலங்குகளுக்கு மிக முற்பட்டவை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் தேடிப் பயனில்லை. அக்காலக் கடலின் படிவுகளைக் காண விரும்புவோர் தமிழ்நாட்டின் அரியலூருக்குத்தான் செல்ல வேண்டும்.

இப்படத்தை மறுபடி வெளியிடுவதாயின், கழுத்தை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, மணலையும் முட்டைகளையும் நீக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.