மாரடைப்பு வேறு, துடிப்பு நிற்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்த செய்தியை உங்கள் இதழில் படித்தேன். மனசு கலங்கிவிட்டது. செய்திக்குள்ளே டாக்டர் 'கார்டியாக் அரெஸ்ட்', அதாவது இதயத் துடிப்பு நின்றுபோனது, என்று சொன்னதாக இருக்கிறது. மேலே தலைப்பில் 'மாரடைப்பால் மாணவர் பலி' என்று போட்டிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. 2016 டிசம்பர் 4 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஏற்பட்டது கார்டியாக் அரெஸ்ட் என்றுதான் மருத்துவமனை அறிவித்தது. தமிழில் அதுவும் பல இடங்களில் மாரடைப்பு என்றே வந்தது.

நான் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில். ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

ஹார்ட் அட்டாக் என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் விழும் அடைப்பு. 'மாரடைப்பு' என்ற நம் சொல்லிலேயே அது இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலத்தை விடத் தமிழ் தெளிவு. அடைப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், நாடி இருக்கும். மகனுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கிய ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வாயுத் தொல்லை என்று வீட்டில் கொடுத்த ஓமத் தண்ணீரின் வாசனை இன்னும் வாயில். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது, "செருப்பை எங்கம்மா விட்டேன்?" என்று கேட்டார். இ.சி.ஜி. எடுத்தால் பெரிய அட்டாக்! இப்படிப்பட்டவரை நடக்க விடாமல், ஸ்கூட்டரில் ஏற்றாமல், 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்க 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்தது. அது நல்ல காரியம்.

கார்டியாக் அரெஸ்ட் அப்படி இல்லை. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் குழம்பிப்போய், ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் இதயம் வெறுமனே நடுங்கும், அல்லது அப்படியே நின்றுவிடும். சில நொடிகளில் ஆள் விழுந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது. மாரடைப்பு முற்றித் துடிப்பு நின்றுபோவதும் உண்டு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் கரண்ட் அடித்தாலும், தண்ணீரில் மூழ்கினாலும், பரம்பரையாக இதயத் தசை தடித்திருந்தாலும், அடைப்பே இல்லாமல் துடிப்பு நிற்கலாம். விளையாடும் பிள்ளைகள் திடீரென விழும்போது பல நேரம் காரணம் இந்த மாதிரிதான்.

ஒரு நாள் மாலை ஒரு காரில் நாற்பது சொச்சம் வயதுள்ள ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பின் சீட்டில் இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்துப் பிடித்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வாயில் ஊற்றிய தண்ணீர் சட்டையில் வழிந்திருந்தது. கழுத்தில் நாடி இல்லை. விழுந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நாங்கள் நெஞ்சை அமுக்கினோம், ஷாக் கொடுத்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. தம்பி வாசலில் நின்று, "மாரடைப்புன்னு தெரிஞ்ச உடனே தூக்கிட்டு வந்துட்டோமே சிஸ்டர், மூச்சுகூட இழுத்துக்கிட்டுதானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இழுப்பு மூச்சே இல்லை. துடிப்பு நின்ற பிறகும் சில நிமிடம் விட்டு விட்டு அப்படி வரும். அவர்கள் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. மாரடைப்புக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். விழுந்த இடத்திலேயே தரையில் படுக்க வைத்து நெஞ்சை அமுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நாலைந்து நிமிடம் ரத்தம் போகாவிட்டால் மூளை கெட ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி அழுத்த வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் கற்றுக்கொடுத்துவிடலாம். 2021-இல் கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தாரே, அவருக்கு நின்றதும் துடிப்புதான். அங்கேயே அமுக்கி, ஷாக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். நெஞ்சுக்குள் கருவி பொருத்திக்கொண்டு மறு ஆண்டே திரும்ப ஆட வந்துவிட்டார்.

அதனால் ஒரு வேண்டுகோள். டாக்டர் கார்டியாக் அரெஸ்ட் என்று சொன்னால் 'இதயத் துடிப்பு நின்று' என்று எழுதுங்கள். 'இதயச் செயலிழப்பு' வேண்டாம். அது ஹார்ட் ஃபெயிலியர், இதயம் பலவீனமாகி மாசக்கணக்கில் இழுக்கும் வேறொரு நோய். அப்படியே அந்தச் செய்திக்குக் கீழே, விழுந்தவருக்கு யாராவது நெஞ்சை அமுக்கினார்களா, எத்தனை நிமிடம் கழித்து என்று ஒரு வரி விசாரித்துப் போடுங்கள். அந்த மாணவர் விழுந்தபோது மைதானத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்கள் செய்தியில் தேடினேன், இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.