விடியப்புற நித்திரை

இணுவில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் இங்கு நலம். சத்திரசிகிச்சைத் தையல் முடிச்சை இரவு இரண்டு மணிவரை பழகிவிட்டு, ஐந்து மணிக்கே எழுந்து, விடுதிக் கட்டில் காலில் நூலைக் கட்டி மறுபடியும் தொடங்குகிறாய் என்று நீ தொலைபேசியில் சொன்ன அன்று எனக்கு நித்திரை வரவில்லை. அதை உனக்குப் பழக்கியவள் நான்.

பத்து வயதில் நீ வயலின் பழகும்போது, ஒரு பின்னேரம் முழுவதும் விறாந்தையில் இருந்து வாசித்தும், தாட்டு வரிசை என்ற சுரப் பயிற்சி ஒன்றில் உன் சுண்டுவிரல் ஒரே இடத்தில் தடக்கிக்கொண்டே இருந்தது. அழுதபடி படுத்தாய். விடிய எழுந்து வில்லை எடுத்ததும் அந்த இடம் தடையின்றிப் போயிற்று. கந்தசுவாமியார் அருள் என்று திருநீறு பூசிவிட்டேன். ஆனால் சங்கீதப் பரீட்சை நெருங்கியதும், நாலு மணிக்கே உன்னை எழுப்பி வாசிக்க வைத்தேன்.

2002ஆம் ஆண்டு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் மத்தியூ வாக்கரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வை இப்போதுதான் வாசித்தேன். வலக்கைப் பழக்கமுள்ளவர்களை, இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற ஒழுங்கில் விசைகளை அழுத்தப் பழக்கியிருக்கிறார்கள். பழகியபின் 12 மணித்தியாலம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை; ஓர் இரவு நித்திரை கொண்டபின், பிழை கூடாமலே, வேகம் ஏறத்தாழ 20 வீதம் கூடியிருந்தது. அந்த முன்னேற்றம், ஆழ்ந்த நித்திரை அல்லாத இலேசான நித்திரையான இரண்டாம் கட்டத்தோடு, அதுவும் இரவின் கடைசிப் பகுதியில் வரும் இரண்டாம் கட்டத்தோடு இணைந்திருந்தது என்பதை வாசித்தபோதுதான் என் நெஞ்சு கனத்தது. நான் உன்னிடமிருந்து பறித்த மணித்தியாலங்கள் அவை.

அந்தக் கட்டத்தில் மூளையில் செக்கனுக்கு 11 முதல் 16 தடவை துடிக்கும் குறுகிய மின்னலைகள் எழுகின்றன; பகலில் பழகிய அசைவு மூளையில் உறுதிப்படுவதற்கு அவை துணைநிற்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாடம் நினைவில் நிற்பதற்கும் நித்திரை வேண்டும். எலி ஓடும்போது, நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் சேர்ந்து இயங்கிய கலங்கள், அது பின்னர் நித்திரை கொள்ளும்போதும் சேர்ந்தே இயங்குவதை 1994இல் வில்சன், மெக்நோட்டன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பழகாததை நித்திரை கற்றுத் தராது, பிள்ளை. முடிச்சை நீ பழகத்தான் வேண்டும். பின்னேரம் பழகு, பத்தரைக்குப் படு, விடியும்வரை எழும்பாதே. நானும் இனி ஆறரைக்கு முன் உனக்குத் தொலைபேசி எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா