பேத்திக்கு முயல் வாங்கும் முன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து இப்போது கைப்பிடி இல்லாமலே படியேறுகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. வலி விட்டுப்போனாலும் பயிற்சியை விட்டுவிடாதே.

விடுமுறைக்கு வரும் பேத்திக்குச் சொல்லாமல் ஒரு முயல்குட்டி வாங்கி வைக்கப்போவதாகவும், எந்த இனம் நல்லது என்றும் கேட்டிருக்கிறாய். இனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த விடுமுறையில் வாங்காதே. முயலே கூடாது என்று சொல்ல வரவில்லை. பால்மணம் மாறாத குட்டியாக, ஒற்றையாக, ஆரவாரமான ஒரு வாரத்தில், எந்த ஏற்பாடும் இல்லாத வீட்டுக்குள் கொண்டுவருவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்தப் பிராணியின் உடம்பு அதைத் தாங்காது.

முயல்குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். ஆனால் நான்கைந்து வாரக் குட்டிதான் உள்ளங்கையில் அடங்கும், பார்த்தவர் மனம் இளகும். அதனால் பண்டிகைக் காலத்தில் அந்த வயதிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. முயலின் செரிமானத்தில் பெரும் பொறுப்பு குடல்பைக்கு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் இருக்கும் பெரிய பை அது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் தீனியின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. பால் குடிக்கிற வயதில் அவை இன்னும் நிலைபெற்றிருக்காது. அந்த நேரத்தில் பாலையும் நிறுத்தி, இடத்தையும் தீனியையும் ஒரே நாளில் மாற்றினால், கெட்ட கிருமிகள் பெருகிக் கழிச்சல் கண்டுவிடும். குட்டிக்குக் கழிச்சல் வந்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்ததே என்று எல்லாரும் திகைப்பார்கள்.

அந்த வயதைத் தாண்டி வந்த முயலுக்கும் குடல்தான் உயிர்நிலை. அது ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பயம், வலி, வெக்கை, நார் குறைந்த தீனி, இவற்றில் எது வந்தாலும் அசைவு மந்தமாகும். மந்தமானால் பசி போகும், சாப்பிடாததால் இன்னும் மந்தமாகும், வாயு சேர்ந்து வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

விடுமுறை வீட்டை இப்போது நினைத்துப் பார். கூடம் நிறைய ஆட்கள், சத்தம், கை மாற்றி மாற்றித் தூக்கும் பிள்ளைகள், ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டல். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி. நோவை வெளிக்காட்டினால் தனக்கு ஆபத்து என்று அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது. மூலையில் குறுகி, கண்ணை அரைவாசி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தால் அது வலியில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சாதுவான முயல் என்று மெச்சுவார்கள். மல்லாக்கப் போட்டுத் தடவினால் அசையாமல் கிடக்கும், அதையும் சுகத்தில் உறங்குவதாக எண்ணுவார்கள். உண்மையில் பகை விலங்கின் பிடியில் சிக்கியதுபோல் விறைத்துக் கிடக்கிறது, இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

அவசரத்துக்குப் போகும் மருத்துவருக்கும் முயலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நாய், பூனைக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், குடல்பையின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும். உண்ணிக்குப் பூசும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. அப்படி அனுபவமுள்ள மருத்துவர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை, பண்டிகை நாளில் கிடைப்பது அதைவிடக் கடினம்.

தூக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், குழந்தைக்கு வாங்குகிறவர்கள் யோசிக்காத விஷயம் அதுதான். முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 8 சதவீதம்தான் இருக்கும், பூனைக்கு 12, 13 சதவீதம். அவ்வளவு மெல்லிய எலும்பின்மேல் உதைக்கிற பின்னங்கால் தசை மட்டும் அபார பலம். பிடி சரியில்லாமல் அந்தரத்தில் உதறினால் தன் உதையாலேயே இடுப்புப் பக்க முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். பிறகு பின்பாதி விளங்காது. ஒரு கை நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே, மறு கை பின்புறத்தைத் தாங்கி, தன் உடம்போடு ஒட்டி அணைத்துத் தூக்க வேண்டும். காதைப் பிடித்து ஒருபோதும் தூக்கக்கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளை தரையில் உட்கார்ந்துகொண்டு, முயல் தானாக மடிக்கு வரும்வரை காத்திருப்பதே நல்லது. அந்தப் பொறுமை வர வாரக்கணக்கில் ஆகும். உன் பேத்தி எத்தனை நாள் தங்கப்போகிறாள்?

தீனி என்றதும் எல்லாருக்கும் கேரட்தான் நினைவுக்கு வரும். அதில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். முயல் தின்பதில் 80 சதவீதத்துக்கு மேல் உலர்புல்லாக இருக்க வேண்டும், அது இரவும் பகலும் எட்டும் இடத்தில் கிடக்க வேண்டும். வைக்கோலை உலர்புல் என்று எண்ணிவிடாதே. கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாளில் சத்து கொஞ்சம்தான், படுக்கைக்கு ஆகும், தீனிக்கு ஆகாது. வளர்ந்த முயலுக்குப் பெல்லட் எனும் கடைக் குருணைத் தீனி நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். கூடவே ஒரு கைப்பிடிக் கீரை. தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும், கவிழாத கனமான கிண்ணத்தில் வை. உலர்புல்லை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் குடல் ஒரு காரணம், பல் இன்னொரு காரணம். முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. நீளும். புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். இல்லாவிட்டால் கடைவாய்ப் பல் ஓரத்தில் முள்போல் வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முயல் பசியோடு தீனியின் முன்னே உட்கார்ந்திருக்கும், தின்ன முடியாது. இன்னொன்று, முயல் குனிந்து தன் பின்புறத்திலிருந்தே மெத்தென்ற கொத்துப் புழுக்கையை எடுத்துத் தின்னும். பேத்தி அருவருத்துத் தடுத்துவிடக்கூடாது. முதல் சுற்றில் எடுபடாத சத்தை அப்படித்தான் அது திரும்பப் பெறுகிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு என்ன ஆகிறது என்று பார். மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் குட்டி பருவத்துக்கு வந்துவிடும். அதுவரை சமத்தாக இருந்தது இப்போது சிறுநீரைப் பீய்ச்சும், இடத்தைக் காக்கக் கடிக்கும், மின்கம்பிகளை நறுக்கென்று துண்டாக்கும். இரண்டாக வாங்கியிருந்தால், விற்றவர் இரண்டும் பெண் என்று சொல்லியிருப்பார்; அந்த வயதில் ஆண், பெண் அடையாளம் காண்பதில் தேர்ந்தவர்களே தவறுகிறார்கள். பெண் முயலுக்குச் சினைக்காலம் 31 நாள் போல. இணை சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டையே வெளிப்படும், ஆகவே தப்புவது அரிது. குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் கூடும். ஈற்றுக்கு ஆறு, ஏழு குட்டிகள் சர்வசாதாரணம். ஆணுக்கு நான்கு மாதத்திலும், பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்திலும் கருத்தடை செய்தால் இது தீரும். பெண்ணுக்கு அது ஆயுளையும் காக்கும், ஏனென்றால் அறுவை செய்யாத பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதுக்குமேல் கருப்பைப் புற்று வருவது மிக அதிகம். ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரம்வரை குட்டி உண்டாக்கும் திறன் மிச்சமிருக்கும், அதுவரை பிரித்தே வைக்க வேண்டும்.

பண்டிகை முயல்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். புதர்க்காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். நம் தமிழில் காட்டில் இருப்பது, வீட்டில் வளர்ப்பது இரண்டுக்கும் முயல் என்ற ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. புதரில் ஓடும் காட்டுமுயல் வேறு இனம்; அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். வீட்டில் வளர்ப்பது வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பியக் குழிமுயலின் வழி வந்தது, குட்டி மொட்டையாகக் கண் திறக்காமல் பிறக்கும். அதிலும் தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்த வெள்ளை முயலுக்கு ஒளிய நிறமும் இல்லை, ஒளியும் பழக்கமும் இல்லை. ஒரு இரவைக் கடந்தாலே பெரிது.

மற்றப் பிராணிகளையும் கேட்டிருந்தாய். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி கணகணப்பு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரியாகக் குறைக்கலாம். சாயம் பூசிய குஞ்சு குளிரில் நடுங்கிச் சாவது அது தெரியாததால். ஹாம்ஸ்டர் இரவில் விழிக்கிற பிராணி, பகலில் எழுப்பினால் கடிக்கும். கினி பிக்குக்கு நம்மைப் போலவே வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது, தினமும் தீனியில் கிடைத்தாக வேண்டும். வண்ணமீனுக்குக் கண்ணாடிக் கிண்ணம் எமன். தொட்டியில் அம்மோனியாவை முறிக்கும் நுண்ணுயிர் நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், ஆக மீன் வாங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்பே தொட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாணயம் அளவு ஆமைக்குஞ்சு 25 செ.மீ. வளர்ந்து 20, 30 ஆண்டு இருக்கும், கையோடு சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியையும் தரும். பிள்ளைகள் வாயில் வைத்துக்கொள்ளும் அளவு சிறியது என்பதாலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது.

பேத்திக்கு உண்மையிலேயே ஆசை என்றால் இப்படிச் செய்யலாம். இந்த விடுமுறையில் முயல் வளர்ப்பவர் வீட்டுக்கு மூன்று நான்கு முறை அழைத்துப்போ. உலர்புல் தூசியிலும் முயல் மயிரிலும் தும்மல், இரைப்பு வருகிறதா என்று கவனி. வீட்டில் எந்த இடம் என்று அவளே அளந்து காட்டட்டும். இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமாவது வேண்டும், கம்பித் தரை கூடாது, உள்ளங்கால் புண்ணாகும். வெயில் காலத்தில் 28 டிகிரியைத் தாண்டாத அறை வேண்டும், முயலுக்கு வியர்க்காது. இவ்வளவுக்கும் பிறகு அவள் மனம் மாறவில்லை என்றால், பள்ளி திறந்து வாழ்க்கை வழக்கமான ஓட்டத்துக்கு வந்தபின், காப்பகத்தில் ஏற்கெனவே கருத்தடை செய்து பழகிய இணையாக, ஓராண்டு தாண்டிய இரண்டை எடுக்கச் சொல். அவற்றின் ஆயுள் 8 முதல் 12 ஆண்டு.

உன் மகளிடம் இதைப் பேசிவிட்டாயா? தினமும் முயலின் கழிவுத் தட்டைக் குனிந்து சுத்தம் செய்யப்போவது அவளா, அந்த முழங்காலோடு நீயா என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி