விஸ்கி சவரில் ஆரம்பி, கருப்பட்டிக்கு அப்புறம் வரலாம்

அம்மாடி,

மெசேஜ் பார்த்தேன். லண்டன் பாரில் உன்னையே ஒரு புது சவர், அதாவது புளிப்பு காக்டெய்ல், யோசித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், நீயும் புளி, கருப்பட்டி, கறிவேப்பிலை, சுக்கு என்று மளிகைச் சீட்டு மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறாய். நானாக இருந்தால் அதில் ஒன்றைத்தான் எடுப்பேன்.

முதலில் ஒரு விஸ்கி சவர் போட்டுக் குடித்துப் பார். போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20. சாறு அன்றைக்குப் பிழிந்ததாக இருக்கட்டும்; நான் கப்பல் பாரில் நின்ற காலத்தில் பாட்டிலில் வந்த புளிப்புக் கலவையைத்தான் ஊற்றச் சொல்வார்கள், அந்தச் சனியன் எதில் ஊற்றினாலும் ஒரே ருசிதான். அமெரிக்க பார்டெண்டர் ஜெரி தாமஸ் 1862-இல் போட்ட பார் புத்தகத்திலேயே சவர் இருக்கிறது. மது, புளிப்பு, இனிப்பு, அவ்வளவுதான் எலும்புக்கூடு. அதே எலும்பில் கியூபாவின் டைகிரி ரம்மும் லைமும்; பெருவின் பிஸ்கோ சவர், பிஸ்கோ என்கிற திராட்சைச் சாராயத்தில், மேலே நுரையும் பிட்டர்ஸ் என்கிற கசப்பு மூலிகைச் சாற்றின் சொட்டும்.

புதுசாகச் செய்து பேர் வாங்கியவர்களும் அநேகமாக இந்த எலும்பைத் தொடவில்லை. உங்கள் லண்டனிலேயே 1980-களில் பார்டெண்டர் டிக் பிராட்செல் ஜின் சவரைப் பொடித்த ஐஸ் மேல் ஊற்றி, பிளாக்பெர்ரி லிகரை (இனிப்பு மதுவை) சிந்தவிட்டார், அது பிராம்பிள். நியூயார்க்கில் 2005-இல் சாம் ராஸ் என்கிற பார்டெண்டர் செய்த பெனிசிலின் என்கிற காக்டெய்ல்தான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. ஸ்காட்ச், எலுமிச்சை, பாகுக்குப் பதில் தேனும் இஞ்சியும். கடைசியில் புகை வாசம் அடிக்கும், ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியை ஒரு ஸ்பூன் அளவு மேலாக விடுவார், கலக்க மாட்டார். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போதே புகை மூக்கில் ஏறும், உள்ளே போனால் தேனும் காரமும், வாசம் ஒன்று ருசி ஒன்று என்று ஏமாற்றும். எலும்பையே புரட்டிப்போட்டது டிரினிடாட் சவர் ஒன்றுதான்: சொட்டாக விடுகிற அங்கோஸ்டுரா பிட்டர்ஸை 45 மில்லி ஊற்றுகிறார்கள்! அதெல்லாம் துணிச்சல்காரர்களுக்கு.

சரி, உன் விஷயம். கருப்பட்டியை வைத்துக்கொள், மற்றதை விடு. காய்ச்சி, மண் போக வடிகட்டி, பாகு இருந்த இடத்தில் அதை ஊற்று. அதில் லேசான உப்பும் கருகலும் இருப்பதால் ஜின்னோடு ஒட்டாது, போர்பனோ கறுப்பு ரம்மோ தாங்கும். புளிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் எலுமிச்சையைக் குறை, புளியின் புளிப்பு வேறு மாதிரி, கிளாஸில் இருப்பதையும் கெட்டியாக்கிவிடும். வெள்ளைக்கரு சேர்த்தால் ஐஸ் இல்லாமல் ஒரு தடவை குலுக்கிவிட்டு அப்புறம் ஐஸ் போட்டுக் குலுக்கு, நுரை நிற்கும். முட்டை இருப்பதை மெனுவில் எழுதிவிடச் சொல், சாப்பிடாதவர்கள் வருவார்கள்.

அப்பா